தொட்டிமீன் இல்லறத்தில் அகமும் புறமும்

இக்கட்டுரை என் நுதலிற்றோ எனின், மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் குடித்தனம் செய்யும் ஜோடி மீன்கள் ஒன்றையொன்று கொல்லாமல் குஞ்சு பொரிக்கும் வழியை ஆராய்தல் நுதலிற்று. இதைப் பற்றித் தொல்காப்பியர் எதுவும் சொல்லவில்லை. அவர் காலத்தில் ஏர் பம்ப் இல்லை. ஆனாலும் அவர் அகம், புறம் என்று பிரித்து வைத்ததைத் துணைகொள்ளாமல் ஒரு மீன்தொட்டியைப் புரிந்துகொள்ள முடியாது என்பதே இங்கே நிறுவப்படுவது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மீன் ஆரஞ்சு குரோமைடு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களாகப் பெருகிக் கிடக்கும் சிக்லிட் குடும்பத்தில் இந்தியாவுக்கென்று இயற்கையாக வாய்த்தவை மூன்றே இனங்கள். அவற்றில் சிறியது இது. மலையாளிகள் பள்ளத்தி என்பார்கள். மஞ்சள் உடம்பு, விலாவில் ஒரு கரும்புள்ளி, விரல் நீளம். பெர்லின் மருத்துவர் மார்க்குஸ் பிளாக் 1795இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். பின்னால் வந்தவர்கள் பேரினத்தை மாற்றிவிட்டார்கள். மீன் தன் குணத்தை மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை.

இது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உப்பங்கழிகளிலும் முகத்துவாரங்களிலும் வாழ்வது. அதாவது ஆறு கடலைச் சேரும் இடம். மருதமும் நெய்தலும் கலக்கும் இடம். இந்தக் குறிப்பு பின்னால் தேவைப்படும்.

முதலில் அகம். ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், எது தலைவன், எது தலைவி என்று துணிய முடியாது. உரையாசிரியர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். அனுபவஸ்தர்கள் இந்தச் சிக்கலுக்குள் நுழைவதேயில்லை. ஆறு முதல் எட்டுக் குஞ்சுகளை ஒன்றாக வளர்த்து, எது எதோடு ஒதுங்குகிறது என்று பார்த்து ஜோடியைப் பிரித்தெடுக்கிறார்கள். களவு முந்தி, கற்பு பிந்தி. கடைக்காரர் கையால் இரண்டு பிடித்துக் கொடுத்து நாம் கூட்டிவைக்கும் திருமணங்கள் பெரும்பாலும் ஃபில்டருக்குப் பின்னால் ஒன்று கிழிந்த துடுப்போடு ஒளிந்திருப்பதில் முடிகின்றன.

ஜோடி அமைந்துவிட்டால் அதைவிட உத்தமமான இல்லறம் தண்ணீருக்குள் இல்லை. இரண்டும் சேர்ந்து ஒரு மண்சட்டித் துண்டை வாயால் சுத்தம் செய்கின்றன. முட்டைகளை ஒட்டிவைத்து முறைபோட்டு விசிறுகின்றன. பொரித்ததும் வாயில் கவ்விக் குழிக்குழியாக இடம் மாற்றுகின்றன. குஞ்சுகள் பெற்றோரின் தோலில் சுரக்கும் கோழையைக் கொத்தித் தின்று வளர்கின்றன. ஃபைட்டர் மீனைப் பாருங்கள்: முட்டையிட்டு முடிந்ததும் பெண்ணை எடுத்துவிடாவிட்டால் ஆண் அதைக் கடித்தே தீர்த்துவிடும். சென்னை கொளத்தூர் மீன்பண்ணைகளில் அந்தத் திருமணத்தின் ஆயுள் ஒரே நாள். குரோமைடு அப்படியல்ல.

இங்கேதான் பூர்வபட்சம் எழுகிறது. இவ்வளவு நல்ல ஜோடிக்குத் தனித் தொட்டி, தனிச் சட்டி, தனிச் சாப்பாடு எல்லாம் கொடுத்து, தொந்தரவு தரக்கூடிய மற்ற மீன்களையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டால் இன்னும் நன்றாக வாழுமே? வாழாது. அடித்துக்கொள்ளும்.

காரணத்தைப் புறத்திணையில் தேட வேண்டும். தொல்காப்பியம் ஒவ்வொரு புறத்திணையையும் ஓர் அகத்திணைக்குப் புறமாக வைக்கிறது. மருதத்தின் உரிப்பொருள் ஊடல். அதன் புறம் உழிஞை, அதாவது கோட்டையை முற்றுவது, காப்பது. நெய்தலின் புறம் தும்பை, நேருக்கு நேர் நின்று பொருவது. இரண்டு நிலமும் கலக்கும் கழியில் பிறந்த மீனுக்கு உழிஞையும் தும்பையும் பிறப்புரிமை. சட்டித் துண்டு அதன் கோட்டை. வாயோடு வாய் கவ்வி இழுப்பது அதன் தும்பை. வெளியே இந்த இரண்டுக்கும் ஆளில்லாமல் செய்துவிட்டால் ஊடல் எல்லை மீறுகிறது. புறம் இல்லாத அகம் தனக்குள்ளேயே புறத்தை உண்டாக்கிக்கொள்கிறது என்று ஒரு நூற்பா யாராவது செய்திருக்க வேண்டும். செய்யாததால் நானே செய்துகொண்டேன்.

இதை ஆஸ்திரியர் ஒருவர் தொல்காப்பியம் படிக்காமலே கண்டுபிடித்தார் என்பது நமக்குச் சற்று வருத்தம்தான். 1973இல் நோபல் பரிசு பெற்ற கொன்ராட் லோரன்ஸ், விலங்குகளின் மூர்க்கம் பற்றி 1963இல் எழுதிய நூலில் சிக்லிட் ஜோடிகளைப் பற்றிச் சொல்கிறார். எதிரி இல்லாமல் தனியே வைத்தால் ஆண் தன் கோபத்தைப் பெண்மேல் காட்டுகிறது. பரிகாரம் இரண்டு. ஒன்று, அடிவாங்குவதற்கென்றே ஒரு மூன்றாவது மீனை உள்ளே விடுவது. இன்னொன்று, ஒரே தொட்டியில் குறுக்கே கண்ணாடி வைத்து, பக்கத்துக்கு ஒரு ஜோடியாகக் குடியேற்றுவது. ஒவ்வொன்றும் அடுத்த வீட்டைப் பார்த்து ஆனமட்டும் சீறித் தீர்த்துக்கொள்ளும்; யாருக்கும் காயமில்லை. பாசி படர்ந்து கண்ணாடி மங்கிவிட்டது என்பதை, ஆண் மீன் மனைவியிடம் முரட்டுத்தனம் காட்டத் தொடங்குவதைக் கொண்டே தெரிந்துகொண்டதாகவும், துடைத்ததும் அண்டை வீட்டோடு சண்டை மூண்டு இரு குடும்பங்களிலும் அமைதி திரும்பியதாகவும் எழுதுகிறார். அதே கையோடு, எட்டுப் பத்து மாதத்துக்கு ஒருமுறை வேலைக்காரப் பெண்ணோடு சண்டையிட்டு விரட்டிவிடும் தன் விதவை அத்தையையும் உதாரணம் காட்டுகிறார். அந்த அத்தை நூலைப் படித்தாரா என்பது தனி ஆய்வுக்கு உரியது.

லோரன்ஸ் சொன்னதைச் சோதிக்க ஆன் ராசா என்ற ஆய்வாளர் 1969இல் எடுத்துக்கொண்டது நம் ஆரஞ்சு குரோமைடையேதான். தனிமைப்படுத்திய ஜோடிகளுக்குள் சண்டை மிகுந்தது என்று கண்டார். நம் கழிமீன் சாட்சி சொல்வதற்கு ஐரோப்பா வரை போக வேண்டியிருந்திருக்கிறது.

இனி நடைமுறை. மூன்றாவது மீனை விடும் முறையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். சின்னத் தொட்டியில் அதற்கு ஓட இடமில்லை. இரண்டு பேருடைய இல்லறத்துக்காக ஒன்று தினமும் உதை வாங்குவது நியாயமுமில்லை. பெரிய தொட்டியாயின், ஜீப்ரா டேனியோ போன்ற வேகக்காரர்கள் நாலைந்தை மேல்தட்டில் விடலாம்: துரத்தப்படுவார்கள், பிடிபடமாட்டார்கள். முட்டைக்கு அவர்களால் ஆபத்துண்டு. ஆனால் அந்த ஆபத்துதான் பெற்றோரை ஒற்றுமையாக வைக்கிறது.

சிறந்தது கண்ணாடித் தடுப்பே. இதன் முழுப் பயனும் அது தெளிவாக இருப்பதில் இருக்கிறது; அடுக்குமாடியில் எதிர்வீட்டு அம்மாள் நம் வாசலில் குப்பை கொட்டுவதை நாம் பார்த்தால்தானே வீட்டுக்காரரை அன்று விட்டுவைப்போம். ஆகவே பாசியைத் துடைக்க வேண்டும். பாசி தின்னும் சக்கர் மீனை விட்டால் போதாதா என்பார்கள். அது இரவில் பாசியோடு முட்டையையும் சேர்த்து மேய்ந்துவிடும். எனவே மனிதக் கையே வேண்டும்.

கையை உள்ளே விட்டதும் ஆராய்ச்சியில் ஒரு புதிய சிக்கல் முளைக்கிறது. முட்டையோ குஞ்சோ உள்ள ஜோடி உடனே அண்டை வீட்டை மறந்துவிட்டு, ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து விரலைக் கொத்த வருகிறது. பகை தெளிவதற்காகக் கண்ணாடியைத் துடைக்கப் போனால், துடைக்கப்போன கையே பகையாகிக் கண்ணாடிக்கு வேலையில்லாமல் ஆக்குகிறது. அப்படியானால் துடைக்காமலே தினமும் ஒருமுறை கையை மட்டும் விட்டெடுத்தால் போதுமா என்று கேட்கலாம். போதும் என்றே நினைக்கிறேன். ஆனால் பாசி படிந்த தொட்டியைப் பார்த்து வீட்டில் ஆரம்பிக்கும் சண்டை வேறு திணை.