நூற்றெழுபது ரூபாய்க்கு ஒரு நாள்

வீட்டுக் கடன் வாங்கியவர்களில் பெரும்பாலோர் கிரகப்பிரவேசம் முடிந்த கையோடு அதை மறந்துவிடுகிறார்கள். மாதம் ஐந்தாம் தேதி கணக்கிலிருந்து பணம் தானாகப் போகிறது, செல்போன் ஒரு தடவை சத்தம் போடுகிறது, அத்தோடு சரி. இருபது வருஷம் எப்படியும் ஓடிவிடும் என்ற தைரியத்தில் பெரிய டிவி வாங்குகிறார்கள், கொடைக்கானல் போகிறார்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நானும் அந்தக் கட்சிதான். எழுத வேண்டியவர் வேறொருவர். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். பார்ட் பேமென்ட்காரர்.

அவர் வீட்டைக் கண்டுபிடிக்க முகவரி வேண்டாம். தெருவைப் பார்த்த சுவரில் மட்டும் பூச்சு இருக்கும். மற்ற மூன்று பக்கமும் செங்கல். கேட்டில் ரெட் ஆக்சைடு அடித்தபடியே நிற்கும். ‘பெயிண்ட் எப்போ சார்?’ என்றால், ‘லோன் முடியட்டும்.’ பக்கச் சுவர்? லோன் முடியட்டும். ஒரு நாள் வீட்டுக்கு வாங்களேன் என்று கூப்பிட்டால்கூட அதே பதில்தான். நாம் கூப்பிட்டதற்கு அவர் வாங்கிவர வேண்டிய பழம், ஸ்வீட் எல்லாம் அவருடைய கணக்கில் வருகிறதே.

பிறக்கும்போதே இப்படிப் பிறந்தவர் இல்லை. கடன் கிடைத்த அன்று வங்கியில் ஒரு கத்தைக் காகிதம் கொடுத்தார்கள். எல்லோருக்கும்தான் கொடுக்கிறார்கள், நாம் பீரோவில் போட்டுப் பூட்டிவிடுகிறோம். இவர் உட்கார்ந்து படித்துவிட்டார். முப்பது லட்சம், எட்டரை சதவீதம், இருபது வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தவணை 26,035 ரூபாய். முதல் மாதத்து வரியில் இப்படி இருக்கும்: வட்டி 21,250, அசல் 4,785. இருபத்தாறாயிரம் கட்டினால் கடனில் ஐந்தாயிரம்கூடக் குறையவில்லை. கடைசிப் பக்கத்தில் கூட்டுத்தொகை அறுபத்திரண்டரை லட்சம். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. அதுவே அவருடைய முதல் சிக்கனம்.

மறுநாள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் எக்செல்லைத் திறந்து ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். ஆரம்பத்திலேயே தவணைக்கு மேல் ஒரு லட்சம் கட்டினால், கடைசியில் கிட்டத்தட்ட இருபது தவணை காணாமல் போய்விடும். அதாவது ஐந்து லட்சத்துக்கு மேல். கட்டியது வட்டியோடு மோதாமல் நேராக அசலில் போய் விழுகிறது. அசல் குறைந்த இடத்தில் இருபது வருஷத்துக்கு வட்டி முளைக்காது. இதையே சில்லறையாக மாற்றிப் பார்த்தார். முதல் வருஷத்தில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு நூற்றெழுபது ரூபாயும் கடன் முடிகிற தேதியை ஒரு நாள் முன்னால் இழுக்கிறது.

அன்றோடு அவர் வீட்டில் ரூபாய் ஒழிந்தது. நாள்தான் செலாவணி.

‘அப்பா, பிரியாணி வாங்கலாமா?’

‘எத்தனை?’

‘நாலு.’

‘நாலு நாள். 2034-ல உனக்குப் பொண்ணு பார்க்கப் போற நேரத்துல அப்பாவுக்கு நாலு நாள் கடன் அதிகமா இருக்கும். பரவாயில்லையா?’

பையனுக்கு ஏழு வயது. ‘பரவாயில்லப்பா’ என்றான். அவன் அம்மா ஜாடை.

சொந்த வீடு கட்டியதே ஹவுஸ் ஓனர் தொல்லை தாங்காமல்தான். ஆனால் கட்டி முடித்த எட்டாவது மாதம் கீழ் போர்ஷனை வாடகைக்கு விட்டுவிட்டு, மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறைக்குக் குடும்பத்தோடு ஏறிவிட்டார். கீழே குடியிருப்பவருக்கு மாடுலர் கிச்சன், இரண்டு பாத்ரூம், பூஜை அறை. மேலே ஓனருக்கு ஒரு பக்கெட், ஒரு குழாய். ‘சார், மேல ரொம்பச் சத்தமா நடக்கறீங்க’ என்று குடித்தனக்காரர் ஒரு தடவை சொன்னதாகவும், இவர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டதாகவும் தெருவில் ஒரு பேச்சு. வாடகை தருகிறவர் ஆயிற்றே.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் சித்திரம் முழுமையாகாது. நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம். ஐந்நூறைத் தாண்டினால் கட்டண விகிதமே மேலே ஏறிவிடும். இவர் மீட்டரை ஐசியூ மானிட்டர் போலப் பார்ப்பார். ரீடிங் எடுக்க வருவதற்கு முந்தைய வாரம், குடும்பம் மொத்தமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பெருமாள் கோயிலில் இருக்கும். அங்கே மண்டபத்தில் ஃபேன் ஓடும். பிரசாதமும் உண்டு. குழந்தைகளுக்கு அந்த ஒரு வாரத்தில் மட்டும் பக்தி பொங்கி வழிவதைப் பார்த்து பட்டாச்சாரியார் நெகிழ்ந்துபோயிருக்கிறார்.

மிச்சம் பிடிப்பதற்கு ஓர் எல்லை உண்டு. வயிற்றுக்கு மேல் கட்ட முடியாது. எனவே வரும்படி. ஜூலை மாதம் முழுக்க ஆபீஸில் பாதிப் பேருக்கு இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பார், தலைக்கு முந்நூறு. மாலையில் எட்டாம் வகுப்புக் கணக்கு டியூஷன். கூட்டுவட்டிப் பாடம் வரும்போது மட்டும் அவர் குரல் தழுதழுக்கும் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். காலி மனை விசாரிக்க வருகிறவர்களை சாயந்தரத்துக்குள் ஒரு மனையில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். கமிஷன் கைக்கு வந்தால் பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வங்கிக்குப் போவார்.

வீட்டுக்காரம்மா இட்லி மாவு அரைத்து விற்றார்கள். வியாபாரம் சூடு பிடித்தபோது பெரிய டில்டிங் கிரைண்டர் வேண்டும் என்றார்கள். இவர் வழக்கம்போல வாயைத் திறப்பதற்குள், ‘எனக்கும் உங்க கணக்கு தெரியும்’ என்று அந்த அம்மா நோட்டை நீட்டினார்கள். ‘இது எழுபது நாள் விலை. ஆனா தினம் பத்து லிட்டர் கூட அரைக்கலாம். மூணரை மாசத்துல எழுபது நாளும் திரும்பிடும். அப்புறம் மாசத்துக்கு இருபது நாள் லாபம். வேண்டாம்னா சொல்லுங்க.’ அவர் நோட்டை மூன்று முறை கூட்டிப் பார்த்தார். தப்பு இல்லை. தம் செலாவணியிலேயே தம்மை ஒருவர் மடக்கியது அவருக்கு அதிர்ச்சியா, ஆனந்தமா என்று தெரியவில்லை. கிரைண்டர் மட்டும் வந்துவிட்டது.

ஆனால் அவருடைய சாதனை என்று நான் நினைப்பது காதுகுத்துதான். மகளுக்குக் காதுகுத்து வைக்க உசிலம்பட்டிப் பக்கம் சொந்த ஊருக்குப் போனார். கிடா வெட்டு, பந்தல், மைக் செட். சிக்கனக்காரர் திடீரென்று தாராளமாகிவிட்டாரே என்று எல்லோருக்கும் ஆச்சரியம். வாசலில் மொய் நோட்டோடு இரண்டு பேர் உட்கார்ந்ததும் ஆச்சரியம் தீர்ந்தது. செலவு போக நின்றதைத் திங்கட்கிழமை காலையிலேயே பார்ட் பேமென்ட்டாகக் கட்டிவிட்டார். ‘மொய்யும் கடன்தானே மாமா, திருப்பிச் செய்யணுமே’ என்று மைத்துனன் கேட்டான். ‘திருப்பித்தான் ஆகணும். ஆனா அவங்க வீட்டு விசேஷம் எப்போ வருதோ அப்போ. அதுவரைக்கும் வட்டி உண்டா?’ எட்டரை சதவீதக் கடனை வட்டியில்லாக் கடனாக மாற்றியிருக்கிறார். நிதித்துறையில் பெரிய பெரிய ஆட்கள் செய்கிற காரியம் இது. அவர்களுக்குக் கிடா வெட்டத் தெரியாது.

இப்படிப்பட்டவருக்குப் புத்தி சொல்ல ஆள் குறைச்சலா? ஆபீஸில் ஓர் இளைஞன் உண்டு. ‘சார், லோனை ஏன் சார் அடைக்கிறீங்க? அதே பணத்தை எஸ்ஐபி-யில போட்டா பன்னிரண்டு பர்சென்ட் வரும்.’ காகிதத்தில் அவன் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் அவனிடம் எஸ்ஐபி இருக்கிறதா என்று விசாரித்தால், போன மாதம்தான் நிறுத்தினானாம், புது பைக் தவணைக்காக. ஆடிட்டர் ஒருவர், ‘வட்டி கட்டுங்க சார், வருஷத்துக்கு ரெண்டு லட்சம் வரைக்கும் வருமானத்துல கழிச்சுக்கலாம்’ என்றார். இவர் இருபது சதவீத வரம்பில் இருந்தவர். ‘ரெண்டு லட்சம் கொடுத்தா நாற்பதாயிரம் திரும்ப வரும்ங்கிறீங்க. அந்த ரெண்டு லட்சத்தை உங்ககிட்ட கொடுக்கறேன், எனக்கு எழுபதாயிரமா கொடுங்களேன்’ என்றார். ஆடிட்டர் பேச்சை மாற்றிவிட்டார்.

வங்கி அவரை வரவேற்ற விதம் தனி. 2012-ல் உலகம் அழியப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. அந்த வருஷம் உண்மையில் அழிந்தது மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பவர்களுக்குப் போட்ட அபராதம். ஜூன் மாதம் ரிசர்வ் வங்கி அதை எடுத்துவிட்டது. அந்தச் சுற்றறிக்கையின் நகலை இவர் லேமினேட் செய்து சட்டைப் பையில் வைத்திருப்பார். கவுன்டரில் பணத்தை நீட்டியதும் கேள்வி வரும்: ‘ஈஎம்ஐ குறைக்கவா சார், டென்யூர் குறைக்கவா?’ ‘டென்யூர்’ என்பார், கோயிலில் நட்சத்திரம் சொல்கிற பக்தியோடு. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஈஎம்ஐ குறைந்திருக்கும். மறுபடி போவார், எழுதிக் கொடுப்பார், முத்திரை வாங்குவார். ஒவ்வொரு தடவையும் இதே கூத்து. ஒரு நாள் மேனேஜரே எழுந்து வந்து கைகொடுத்தார். ‘உங்க ரெக்கார்ட் பிரமாதம் சார். உங்களுக்காகவே ஒரு டாப்-அப் லோன் சாங்ஷன் ஆகியிருக்கு.’ கடனை ஒழுங்காக அடைத்தவருக்குப் பரிசு இன்னொரு கடன். இவர் ஒன்றும் பேசாமல் வெளியே வந்து, வாசலில் செருப்பைத் தேடினார். வங்கிக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிற ஒரே வாடிக்கையாளர் அவர்தான்.

அவரை உண்மையிலேயே உலுக்கியது 2022. மே மாதம் தொடங்கி அடுத்த பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் நாலிலிருந்து ஆறரைக்கு ஏறியது. ஊரே கிரிக்கெட் பார்க்கும்போது இவர் காலை பத்து மணிக்கு அப்போதைய ரிசர்வ் வங்கி கவர்னர் சக்திகாந்த தாஸ் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு பேச்சுக்கும் பிறகு வங்கியிலிருந்து ஒரு எஸ்எம்எஸ்: தவணை அதேதான், காலம் நீட்டிக்கப்பட்டது. வருஷக்கணக்கில் பிரியாணி சாப்பிடாமல், ஃபேன் போடாமல், கிடா வெட்டிச் சேர்த்த நாட்களை ஒரே வரியில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அந்த வாரம் அவர் டியூஷன் பிள்ளைகளை அடித்துவிட்டதாகக் கேள்வி. அடுத்த வாரம் மன்னிப்பாக ஆளுக்கொரு கடலை மிட்டாய் கொடுத்தார். அவர் வரலாற்றில் அது பதிவாக வேண்டிய செலவு.

இதில் ஒரு வேடிக்கை. வருஷம் ஏற ஏற அவருடைய நாணயத்தின் மதிப்பு கூடிக்கொண்டே வரும். பத்து வருஷம் பாக்கி இருக்கும்போது ஒரு நாளை வாங்க முந்நூற்றெழுபது ரூபாய் வேண்டும். கடைசி வருஷத்திலோ தவணையை முப்பதால் வகுத்து அப்படியே கொடுக்க வேண்டியதுதான். அதாவது பிரியாணி முந்நூறுக்கு ஏறியிருந்தாலும் அவர் கணக்கில் மலிந்துவிட்டது. முன்பு ஒரு பிளேட் முழுசாக ஒரு நாள், இப்போது முக்கால் நாள்தான். கணக்கே அவரிடம் ‘போதும்யா, சாப்பிடு’ என்கிறது. கணக்கைத் தவிர வேறு யார் பேச்சையும் கேட்காதவர், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கணக்கின் பேச்சையும் கேட்கவில்லை. கைக்குப் பழகிவிட்டது.

இருபது வருஷக் கடனைப் பதினோராவது வருஷத்தில், 2025 ஜனவரியில் அடைத்தார். பிப்ரவரி முதல் வாரத்தில் ரெப்போ விகிதத்தைக் குறைத்தார்கள். ‘நான் எப்படா வெளியே போவேன்னு காத்துக்கிட்டு இருந்திருக்காங்க’ என்றார். நோ ட்யூஸ் கடிதம் வந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்ஓடி-க்கு, அதாவது வீட்டுப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததற்கான ஆவணத்துக்கு, ரசீது ஆவணம் பதிய வேண்டும், பிறகு வில்லங்கச் சான்றில் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தார். பட்டியலின் அடியில் சிவப்பு மையில் ஒரு வரி.

ரிசர்வ் வங்கியின் இன்னொரு உத்தரவு அது. 2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்து, கடன் முழுசாக அடைந்து முப்பது நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் கடன்தாரருக்குத் தர வேண்டும். பதினோரு வருஷமாக நாளை விலை கொடுத்து வாங்கியவர், முதல் தடவையாக நாளை விற்கும் இடத்தில் நின்றார். அதுவும் ஐயாயிரத்துக்கு. சார்பதிவாளர் அலுவலக வேலையை மட்டும் சுறுசுறுப்பாக முடித்துக்கொடுத்துவிட்டார். தாமதம் தம் பக்கம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. அப்புறம் வங்கிப் பக்கமே போகவில்லை. காலண்டரில் முப்பத்தோராவது நாளைச் சுற்றி ஒரு வட்டம். அதற்குப் பிறகு ஒரு மாதம் இழுத்தால் பக்கச் சுவர் பூச்சு, இரண்டு மாதம் இழுத்தால் கேட்டுக்கும் சேர்த்துப் பெயிண்ட்.

பதினேழாவது நாள் போன் வந்தது.

‘சார், உங்க டாக்குமென்ட்ஸ் பிராஞ்சுக்கு வந்துடுச்சு. ஐடி புரூஃப் எடுத்துட்டு வந்து வாங்கிக்கோங்க.’

‘அதுக்குள்ளயா மேடம்? அவசரமே இல்ல. எல்லாப் பக்கத்தையும் நிதானமா சரிபார்த்துட்டுக் கொடுங்க.’

‘பார்த்தாச்சு சார்.’

‘நான் இப்போ ஊர்ல இருக்கேன் மேடம். உசிலம்பட்டி. வர ஒரு மாசம் ஆகும்.’

‘பரவாயில்ல சார், மெதுவா வாங்க. நீங்க லேட்டா வந்தா அது எங்க கணக்குல வராது.’