பாதி வெள்ளி, முழுப் பேரரசர்

நாணயக் கண்காட்சியில் தெனாரியஸ் என்ற ரோம வெள்ளிக்காசு ஒன்றை வாங்கி வந்தேன்.

"யாருங்க இந்தத் தாடிக்காரர்?" என்றாள் மனைவி.

"ரோமப் பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ்."

"எவ்வளவு?"

ஆட்சிக்காலத்தைக் கேட்கிறாள் என்று நினைத்து, "18 வருஷம். கி.பி. 193 முதல் 211 வரை" என்றேன். அவள் கேட்டது விலையை. அதையும் சொன்னேன். அதன்பிறகு ராத்திரிச் சாப்பாடு வரை வீட்டில் யாரும் பேசவில்லை.

மறுநாள் தெருமுனை நகைக்கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் உரைகல்லை எடுத்ததும் எனக்கு உயிர் போய் வந்தது. "எடை மட்டும் பாருங்க" என்று கெஞ்சினேன். 3 கிராம் 200 மில்லி. கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "பாதி செம்பு சார். எவனோ ஏமாத்திட்டான்" என்றார்.

ஏமாற்றியவர் பேரரசரேதான். படைவீரர்களுக்குச் சம்பளத்தை ஏற்றினார். வெள்ளி போதாமல் செம்பைக் கூட்டினார். இதற்கு வழிகாட்டியவர் அவருக்கு முன்பிருந்த பேரரசர் நீரோ. அகஸ்டஸ் ஒரு ராத்தலுக்கு 84 காசு அடித்தார், நீரோ கி.பி. 64இல் அதை 96 ஆக்கினார், தரத்தையும் குறைத்தார். 270 வாக்கில் வெள்ளிக்காசு என்பது கிட்டத்தட்ட வெறும் செம்பு. மேலே வெள்ளிப்பூச்சு மட்டும்.

வெள்ளி குறைந்ததே தவிர, பட்டங்கள் குறையவில்லை. ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்ன வட்டத்தில் அகஸ்டஸ் (இங்கே அது பட்டம்), பார்த்தியரை வென்ற மாவீரர், தலைமைப் பூசாரி, நாட்டின் தந்தை! நம்மூர் ஃபிளக்ஸ்காரர்கள் தோற்றார்கள். ஆனால் அந்தத் தற்பெருமையில் ஒரு லாபம் உண்டு. பேரரசரின் பட்டங்களில் ஒன்றான ட்ரிப்யூன் அதிகாரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும். எத்தனையாவது முறை என்பதையும் காசில் பொறிப்பார்கள். என் காசில் 8. எனவே அது கி.பி. 200.

பின்பக்கத்தில் தலைகுப்புற விழும் பெண் யார் என்று மூன்று நாள் பூதக்கண்ணாடியும் கையுமாகத் திண்டாடினேன். பிள்ளை வந்து காசைத் திருப்பி வைத்தான். பறந்துகொண்டிருக்கும் வெற்றித் தெய்வம்!

கோவை, கரூர்ப் பக்கம் கிடைத்த ரோம வெள்ளிக்காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை. நீரோ கைவைப்பதற்கு முந்தைய நல்ல வெள்ளி. நம்மூர் பழைய வியாபாரிகள் விவரமானவர்கள். பாதி வெள்ளியை முழு விலைக்கு வாங்க செவெரஸுக்கு இங்கே ஓர் ஆள் கிடைக்க 1,800 வருஷம் ஆகியிருக்கிறது.