ராமேஸ்வரத்துப் பிள்ளைகளைக் கொழும்புக்கு டூர் கூட்டிப்போவது எப்படி?

முதலில் திசையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கொழும்பு ராமேஸ்வரத்துக்குத் தெற்கே இருக்கிறது. ஆகையால் நீங்கள் வடமேற்கே கிளம்ப வேண்டும். தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்காதீர்கள். பஸ்ஸைப் பாம்பன் தாண்டி, மண்டபம், ராமநாதபுரம், பரமக்குடி வழியாக மதுரை ஏர்போர்ட்டுக்கு விடுங்கள். சுமார் 170 கிலோமீட்டர் எதிர்த்திசையில் போனால்தான் பக்கத்து நாட்டுக்கு விமானம் கிடைக்கும்.

பாம்பன் பாலத்தில் பஸ் நிற்கக் கூடாது. 2025 ஏப்ரலில் திறந்த ரயில் பாலத்தையும், கப்பலுக்கு வழிவிட மேலே எழும்பும் அதன் 72.5 மீட்டர் தூக்குப் பகுதியையும் தீவுப் பிள்ளைகள் தினம் பார்க்கிறவர்கள். நிறுத்தச் சொல்லி செல்ஃபி எடுப்பவர் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த வாத்தியாராகத்தான் இருப்பார். அவரை ஜன்னலோரம் உட்கார வைக்காதீர்கள்.

அதற்கு முன்னால் பெற்றோர் கூட்டம் இருக்கிறதே, அதுதான் கண்டம். தாத்தாக்களை அழைக்கவே வேண்டாம். வந்தால் போட் மெயில் கதையை எடுத்துவிடுவார்கள். எழும்பூரில் கொழும்புக்கே டிக்கெட் எடுத்து ரயில் ஏறினால் தனுஷ்கோடித் துறையில் இறங்கலாம். எதிரே ‘இர்வின்’ கப்பலோ ‘கோஷன்’ கப்பலோ நிற்கும். அக்கரையில் தலைமன்னார் ரயில் காத்திருக்கும். 1914இல் தொடங்கிய அந்த வழியை 1964 டிசம்பர் புயல் ஊரோடு கொண்டுபோனது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்தே ‘ராமானுஜம்’ கப்பல் ஓடியது. எண்பதுகளில் போர் மூண்டதும் அதுவும் நின்றது. இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு பையன், “அப்ப நாம ஏன் சார் மதுரைக்குப் போறோம்?” என்பான். நேரமாகிவிட்டது என்று சொல்லிச் சம்மதக் கடிதத்தை நீட்டுங்கள்.

கடைசி வரிசையில் கைலி கட்டிய அப்பா ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். “நானும் போயிருக்கேன் சார். வவுனியா ஜெயிலை மட்டும் நல்லாப் பாத்தேன். எல்லை தாண்டுனேன்னு போட்டைப் புடிச்சுக்கிட்டாங்க, இன்னும் திரும்பல” என்பார். இதற்கு எந்தக் கையேட்டிலும் பதில் கிடையாது. அவர் மகனுக்கு மட்டும் டூர் கட்டணத்தைத் தவணையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கொழும்பில் தாமரைக் கோபுரம், புறக்கோட்டையின் செங்கல் நிற ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல், நகைக் கடைகள் நிறைந்த செட்டியார் தெரு ஆகியவற்றைக் காட்டலாம். காலிமுகத் திடலில்தான் எச்சரிக்கை தேவை. மற்ற ஊர்ப் பிள்ளைகள் கடலைப் பார்த்ததும் ஓடுவார்கள். நம்மவர்கள் அலையைப் பார்த்து, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, இன்றைக்குத் தொழிலுக்குப் போக முடியாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இறால் வடைக் கடைக்குத் திரும்புவார்கள். அங்கே வடையின் மேல் முழு இறாலைப் பதித்துப் பொரித்திருப்பார்கள். ஒருத்தி அதைப் பிய்த்துத் தூக்கிப் பார்த்து, “இந்தச் சைசுக்கு எங்க ஊர்ல ஏலமே கேக்க மாட்டாங்க” என்பாள். கடைக்காரருக்குத் தமிழ் தெரியும் என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

விமானம் ஒத்துவராதென்றால் நாகப்பட்டினத்துக்குப் போகலாம். அங்கிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது. கடல் மனம் வைக்கும் நாட்களில் ஓடுகிறது. அதுவும் வடக்கேதான்.

ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் மறுபடி வரப்போகிறது என்று அவ்வப்போது அறிவிப்பு வரும். அதை நம்பி டூரைத் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளைகள் பிளஸ் டூ முடித்துப் போய்விடுவார்கள்.