எல்.டிஸ்., கே.டிஸ்., டெலீட்

கைலாசபுரத்துக்காரர் என்று சொல்லிக்கொள்கிற யாருக்கும் கைலாசபுரம் சொந்த ஊர் கிடையாது. 1960-களில் செக்கோஸ்லோவாக்கியத் தொழில்நுட்ப உதவியோடு திருவெறும்பூருக்குப் பக்கத்தில் பெல் கம்பெனியின் பாய்லர் தொழிற்சாலை வந்தது. வேலை பார்க்க ஆட்கள் வந்தார்கள். ஆட்கள் குடியிருக்க டவுன்ஷிப் வந்தது. எங்கள் வரிசையில் ஒரு வீடு தஞ்சாவூர், அடுத்தது பாலக்காடு, அதற்கடுத்தது குண்டூர். அத்தனை பேருக்கும் எங்கோ ஓர் அம்மா, எங்கோ ஒரு பாகப்பிரிவினை. அதனால் தபால்காரரின் பை எப்போதும் புடைத்தே இருக்கும். ரயில்வே மெயில் சர்வீஸின் ‘டி’ டிவிஷன் திருச்சியில் இருப்பதில் அப்பாவுக்கு ஒரு பெருமிதம், அதையும் பெல் கம்பெனிதான் கட்டிக் கொடுத்த மாதிரி.

வந்த கடிதம் போய்ச் சேருகிற இடம் நடையில் தொங்கிய கம்பி. மேலே கொக்கி, கீழே ஒரு வட்டக் கட்டை, நடுவில் குத்துப்பட்ட கார்டுகள், இன்லண்டு லெட்டர்கள், எல்.ஐ.சி. ரசீதுகள். புதியது மேலே, பழையது கீழே. ஏதாவது தேட வேண்டுமென்றால் மொத்தத்தையும் உருவி எடுத்து மறுபடி கோக்க வேண்டும். ஆகவே யாரும் எதையும் தேட மாட்டார்கள். போகிக்கு முந்தின நாள் அம்மா கம்பியைக் கழற்றி, மஞ்சள் தடவிய பத்திரிகைகளையும் ரசீதுகளையும் மட்டும் எடுத்து வைத்துவிட்டு மீதியை வாசலுக்கு அனுப்பிவிடுவாள். விடிகாலையில் அவை சாம்பல்.

கம்பிக்கே வராத ஒரு வகைக் கடிதமும் உண்டு. மூலையில் கறுப்பு மை தடவி வரும். அதை வாசற்படிக்கு வெளியிலேயே நின்று படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் அம்மா உள்ளே வருவாள். சாவுச் செய்தி வீட்டுக்குள் தங்கக்கூடாது. ‘நிச்சயமாக அழிக்கட்டுமா?’ என்று அவளை யாரும் கேட்டதில்லை.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. பெருநகரங்களில் தொடங்கிய அது எங்கள் குவார்ட்டர்ஸுக்கு நடந்தே வந்ததுபோல் மெதுவாக வந்து சேர்ந்தது. பிள்ளைகள் பக்கத்து ஆர்.இ.சி.யில் படித்துவிட்டு அமெரிக்கா போய்விட்ட வீடுகளில் முதலில் மோடம் கத்தியது. பிறகு, யாரும் எங்கேயும் போகாத எங்கள் வீட்டிலும் கத்தியது. அண்ணன் சென்னையில் வேலையில் இருந்தான். சென்னைக்குக் கடிதம் மறுநாளே போய்விடும் என்பதை அப்பா சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை.

வீட்டுக்கு ஒரே கணக்கு. அதில் அவுட்லுக் எக்ஸ்பிரஸை அமைத்துக் கொடுத்தவன் அண்ணன்தான். இன்றைய பிள்ளைகளுக்கு அந்த ஏற்பாட்டைச் சொன்னால் புரியாது. மோடத்தைப் போட்டு, இணைப்பு கிடைத்து, ‘அனுப்பு, பெறு’ என்கிற பொத்தானை அழுத்தி, வந்ததை வாரிக்கொண்டு, உடனே இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். டெலிபோன் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் யார் போன் செய்தாலும் எங்கேஜ்டு. வந்த மெயிலைப் பிறகு சாவகாசமாக உட்கார்ந்து படிக்கலாம். இதற்கு வசதியாக அமைந்ததுதான் ‘பாப் 3’ என்ற முறை. அதன் விரிவே ‘போஸ்ட் ஆபீஸ் புரோட்டோகால்’. நாம் கடிதத்தை வாங்கிக்கொண்டு போனதும் தபாலாபீஸில் அது இருக்காது. அங்கே இடமும் கிடையாது. அப்போது ஹாட்மெயிலில் இலவசமாகக் கொடுத்த மொத்த இடம் 2 எம்.பி. இன்று செல்போனில் எடுக்கிற ஒரு வெண்பொங்கல் படம் அதற்குள் அடங்காது.

ஒரே புரோகிராமில் ஆளுக்கொரு அடையாளம் வைத்துக்கொள்ளும் வசதி அதில் இருந்தது. அப்பா, அம்மா, நான் என்று மூன்றை அண்ணன் உண்டாக்கிக் கொடுத்தான். அப்பாவின் அடையாளத்துக்குக் கடவுச்சொல் இருந்தது. அதை மானிட்டரின் மேல் ஒட்டியும் வைத்திருந்தார். ஆனால் ‘டெலீட்’ பக்கம் அவர் கை போகாது. மத்திய அரசு நிறுவனத்தின் ஆவணத்தை முறையில்லாமல் அழித்தால் 1993-ஆம் வருஷத்துப் பொது ஆவணங்கள் சட்டப்படி ஐந்து வருஷம் வரை உள்ளே தள்ளலாம் என்று ஆபீஸில் யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். சட்டம் உண்மைதான். அண்ணன் அனுப்பிய ‘மாம்பழம் வந்து சேர்ந்தது’ என்ற மெயில் அதன் கீழ் வராது என்பதை யாராலும் அவருக்குப் புரியவைக்க முடியவில்லை.

இந்த நிலையில்தான் மாமா உள்ளே வந்தார்.

மாமா அம்மாவின் அண்ணன். கலெக்டர் ஆபீஸில் பெரும்பாலும் பதிவறையிலேயே காலம் தள்ளி, ஓய்வு பெற்று, ஸ்ரீரங்கத்தில் இருந்தார். ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, ஜங்ஷனில் இறங்கி, மாறி வருவார். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு ஒரு பயமும் இல்லை. எழுத்தாளர் சுஜாதா ஸ்ரீரங்கத்துக்காரர், அவர் பத்திரிகையில் எழுதியதையெல்லாம் படித்தாயிற்று, அப்புறம் என்ன என்பது அவர் கட்சி. சுஜாதா வேலை பார்த்ததும் பெல்தானே என்று அப்பாவிடம் கேட்பார். அது பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ், எங்களது பாரத் ஹெவி எலெக்ட்ரிகல்ஸ் என்று அப்பா ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொல்வார். மாமா ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொள்வார்.

அவுட்லுக் எக்ஸ்பிரஸைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாமா சொன்னார்: “எல்லாத்தையும் ஒரே இன்பாக்ஸ்ல குவிச்சு வெச்சா அதுக்குப் பேரு ஆபீஸா?”

பழைய சென்னை ராஜதானியின் வருவாய்த்துறை ஆபீஸ்களில் டாட்டன்ஹாம் முறை என்று ஒன்று உண்டு. வந்த தபால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நடப்பு எண். எழுத்தரின் தன்பதிவேட்டில் அது ஏறும். முடிவெடுத்துக் கட்டும்போதே அதன் ஆயுளும் தீர்மானமாகிவிடும். எல்.டிஸ். என்றால் ஒரு வருஷம், கே.டிஸ். மூன்று, டி.டிஸ். பத்து, ஆர்.டிஸ். நிரந்தரம். பிற்பாடு தமிழில் ஓ.மு., மூ.மு., ப.மு. என்று ஆயிற்று. காலம் முடிந்த கட்டுகளைத் தனியே பிரித்து, பட்டியல் போட்டு, அதிகாரியின் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் அழிக்க வேண்டும். மனுஷனுக்கு மனுஷன் பேசிக்கொண்டதை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதற்கு இவ்வளவு தெளிவான பதிலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அப்போது எங்களுக்கு அது சிரிப்பாக இருந்தது.

எங்கள் வீட்டு மெயிலுக்கு மாமா நான்கு ஃபோல்டர் திறந்தார். அண்ணன் ஊருக்கு வரும் தேதி சொல்லும் மெயில்: எல்.டிஸ். வரன் சம்பந்தப்பட்டது: கே.டிஸ். (“மூணு வருஷத்துல தகையலேன்னா அப்புறம் அந்த ஜாதகம் எதுக்கு?”) பிராவிடண்ட் ஃபண்டு, வீட்டு மனை: ஆர்.டிஸ். பல வருஷம் கழித்து, இமெயிலைக் கண்டுபிடித்ததே ஒரு தமிழர் என்று பலரும் அனுப்பிய ஃபார்வர்டு மட்டும் அவரைச் சங்கடப்படுத்தியது. சிவா அய்யாதுரை 1978-ல் அமெரிக்காவில் பள்ளி மாணவராக ‘இமெயில்’ என்ற பெயரில் ஒரு புரோகிராம் எழுதியதும், 1982-ல் அதற்குப் பதிப்புரிமை பதிந்ததும் நிஜம். ஆனால் 1971-லேயே ரே டாம்லின்சன் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு மெயில் அனுப்பிவிட்டாரே என்று அண்ணன் சொன்னதும், மாமா யோசித்து, அதை டி.டிஸ்.ஸில் போட்டார். பத்து வருஷத்தில் தெளிந்துவிடும் என்று நினைத்திருக்கலாம். தெளியவில்லை.

சோதனை ஒரு கருமாதிப் பத்திரிகையின் வடிவில் வந்தது. ஒரத்தநாட்டுப் பெரியப்பா காலமாகி, அவர் பேரன் பத்திரிகையை ஸ்கேன் செய்து சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் மெயிலில் தட்டிவிட்டிருந்தான். கறுப்பு மூலை உட்பட. அண்ணன் அப்போது லீவில் வந்திருந்தான். திரையில் அது விரிந்ததும் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, “ஐயோ, நடு வீட்டுல வெச்சா திறப்பீங்க? முதல்ல அதை அழிடா” என்றாள்.

அண்ணன் அழித்தான்.

“போயிடுச்சா?”

“இப்ப டெலீட்டட் ஐட்டம்ஸ்ல இருக்கும்மா.”

“அப்படின்னா?”

“அழிச்சதைப் போட்டு வெக்கிற எடம்.”

“அழிச்சதை எதுக்குடா போட்டு வெக்கணும்?”

இந்தக் கேள்விக்கு மென்பொருள் உலகம் இன்றுவரை நேரான பதில் சொல்லவில்லை. அண்ணன் அந்த ஃபோல்டரையும் காலி செய்தான். நிரந்தரமாக அழிக்கவா என்று அது கேட்டது, ஆமாம் என்றான். அம்மா திரும்பியிருப்பாள். அவன் படித்த படிப்பு சும்மா இருக்கவில்லை. “சொல்லப்போனா இன்னும் உள்ளதான் இருக்கு” என்று தொடங்கினான்.

அவன் சொன்னது சரிதான். அவுட்லுக் எக்ஸ்பிரஸில் ஒவ்வொரு ஃபோல்டரும் ஒரு பெரிய கோப்பு. அதற்குள் ஒரு மெயிலை அழித்தால் அந்த இடம் ‘காலி’ என்று குறிக்கப்படும். எழுத்து அங்கேயே கிடக்கும். வேறொன்று வந்து மேலே உட்கார்ந்தாலோ, ‘கம்பாக்ட்’ என்று கட்டளை கொடுத்து மொத்தக் கோப்பையும் அது சுருக்கி எழுதினாலோதான் விமோசனம். அதுவரை கோப்பின் அளவுகூடக் குறையாது. கம்பாக்டே செய்யாமல் விட்ட வீடுகளில் கோப்பு வீங்கிக்கொண்டே போகும். அது 2 ஜி.பி.யைத் தொட்டால் புதுக் கதை ஆரம்பிக்கும்.

மாமாவுக்கு ஒரே சந்தோஷம். “எங்க ரெகார்டு ரூமும் இதேதான். அழிச்சாச்சுன்னு பதிவேட்டுல இருக்கும். கட்டு பரண்ல இருக்கும்.”

அம்மாவுக்கு அந்தச் சந்தோஷத்தில் பங்கில்லை. ஃபோல்டர்கள் சுருங்கி முடிகிறவரை இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளப் போனாள். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ‘சர்வரில் ஒரு நகலை விட்டுவை’ என்று ஒரு கட்டம் அந்த புரோகிராமில் உண்டு. சென்னையிலிருந்தும் வீட்டு மெயிலைப் பார்க்க வேண்டுமென்று அண்ணன் அதில் டிக் போட்டு வைத்திருந்தான். சாயங்காலம் தன் லேப்டாப்பில் அதே கணக்கை அமைத்து, ‘பெறு’ என்று அழுத்தினான். புது மெஷினுக்கு எல்லாமே புதுசு. சர்வரில் கிடந்த அத்தனையும் இறங்கின. பெரியப்பாவும் தடித்த எழுத்தில், இன்னும் படிக்கப்படாதவராக, வந்து நின்றார்.

“மறுபடியும் யாருடா?” என்றாள் அம்மா.

அதன் பிறகு அப்பா ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து கைலாஷ் நகர் போனோம். வீடு மாறும்போது அந்தக் கம்பியை யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை. ஃபோல்டர்களை மட்டும் சி.டி.யில் எழுதி எடுத்துக்கொண்டோம், அந்த சி.டி.யை நுழைக்க இன்று வீட்டில் துளை இல்லை. 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் வந்தது. 1 ஜி.பி. இடம், இனிமேல் எதையும் அழிக்கவே வேண்டாம், தேடிக்கொள்ளலாம் என்றார்கள். தேதியைப் பார்த்துவிட்டு ஏப்ரல் ஃபூல் என்று நினைத்தவர்கள் பலர். மாமா நினைக்கவில்லை, வருத்தப்பட்டார். “எதையும் அழிக்க வேண்டாம்னா எது முக்கியம்னு யாருக்குமே தெரியாதேப்பா.” நாங்கள் அழைப்பு வாங்கிச் சேர்ந்துகொண்டோம். அழிப்பதை நிறுத்தினோம். எது முக்கியம் என்று தெரிந்துகொள்வதையும் நிறுத்தினோம். இன்று அந்த 1 ஜி.பி., 15 ஜி.பி.யாகி, அதுவும் நிறைந்து, எந்த பீட்சா கடையின் தள்ளுபடி எந்தத் தேதியோடு முடிந்தது என்கிற விவரத்தைப் பத்திரமாக வைத்திருப்பதற்கு மாசாமாசம் காசு கட்டுகிறேன்.

இப்போது என் மேஜையில் இருப்பது தண்டர்பேர்டு. 2004 டிசம்பரில் முதல் முழுப் பதிப்பு வந்தது, இன்னும் தாக்குப்பிடிக்கிறது. அழிக்கும் மெயிலை என்ன செய்ய என்று மூன்று வழி கேட்கிறது: குப்பைக்கு நகர்த்தவா, அழித்ததாகக் குறி மட்டும் போட்டு அங்கேயே விடவா, உடனே நீக்கவா. நடுவில் உள்ளது மாமாவின் பரண். நானும் அதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அம்மாவுக்கு இப்போது வாட்ஸ்அப்பில் சாவு வருகிறது, பூமாலை போட்ட படத்தோடு, மூன்று குரூப்பில் மூன்று தடவை. பொறுமையாக ஒவ்வொன்றையும் அழிக்கிறாள். படம் கேலரியில் தங்கிவிடுகிறது. அடுத்த வருஷம் அதே தேதியில் போனே அதை எடுத்து, மெல்லிசை போட்டு, ‘நினைவுகள்’ என்று காட்டுகிறது. அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாத்ரூம் பக்கம் போகிறாள்.

2023 டிசம்பரிலிருந்து, இரண்டு வருஷமாக யாரும் திறக்காத தனிநபர் கணக்குகளை அழிக்கத் தொடங்குவதாக கூகுள் அறிவித்தது. எங்கள் குடும்பத்தில் அப்படிக் கிடந்தவை நிறைய. அப்பா திறந்து மறந்தது, அம்மாவுக்காக நான் திறந்தது, ஒரு வரனுக்காகவே திறந்து வரன் தகையாததால் விட்டது. மாமாவிடம் சொன்னேன். தொண்ணூறை நெருங்குகிறார், காது மந்தம். ‘அழிக்கிறார்கள்’ என்பது மட்டும் உடனே கேட்டது.

“ரெண்டு வருஷமா? அது எந்த டிஸ்?”

“அப்படியெல்லாம் இல்ல மாமா. கம்பெனி முடிவு.”

“பட்டியல் தருவானா? யார் கையெழுத்து?”

எனக்குத் தெரியவில்லை. கணக்குகளின் பெயரையெல்லாம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். அரசாங்க ஆபீஸில் பதில் வராத கடிதத்துக்கு நினைவூட்டு அனுப்புவார்கள். முதல் நினைவூட்டு, இரண்டாவது நினைவூட்டு என்று எண் ஏறும். மாமா இப்போது பேத்தியை உட்கார வைத்து, கடவுச்சொல் கிடைத்த கணக்குகளை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்கிறார். அதிலிருந்து எனக்கு ஒரு மெயில் போடவும் வைக்கிறார். போன வாரம் அப்பாவின் பழைய கணக்கிலிருந்து ஒன்று வந்தது. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் முறைப்படி. பொருள்: இக்கணக்கு உபயோகத்தில் உள்ளமை – நினைவூட்டு 4.