அண்ணாச்சி கடைக் கணக்கு

கேள்வி: சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுபடி தரும்போது, தெருமுனை மளிகைக் கடையில் வாங்குவது கட்டுப்படியாகுமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: மூட்டை அரிசிக்கும் ஐந்து லிட்டர் எண்ணெய்க்கும் சூப்பர் மார்க்கெட் மலிவாக இருக்கலாம்; மறுக்க மாட்டேன். ஆனால் கடுகு வாங்கப் போனவர் தள்ளுவண்டி நிறைய பிஸ்கட்டும் பிளாஸ்டிக் டப்பாவுமாகத் திரும்பினால், தள்ளுபடி யாருக்கு? அண்ணாச்சியிடம் 50 கிராம் கடுகு கேட்டால் 50 கிராம்தான் வரும். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றான பிறகு, பல வீடுகளில் உலை கொதித்தது அவருடைய கடன் நோட்டால்தான். பில் போடும் கம்ப்யூட்டரில் ‘அப்புறம் குடுங்க’ என்று ஒரு பட்டன் உண்டா? தராசையும் காலாவதித் தேதியையும் மட்டும் பார்த்து வாங்குங்கள். அண்ணாச்சி கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்தால் இன்னொரு முறை பாருங்கள்.