தற்சார்புக்கு எத்தனை புள்ளி?

மேலைநாடுகளில் உலகம் கவிழப்போகும் நாளுக்கென்று தகரப்பேணி உணவை நிலவறையில் அடுக்கி வைப்பவர்கள் உண்டு. தப்பிப் பிழைக்க எந்த மாவட்டம் தோது என்று புள்ளியும் போடுகிறார்கள். மட்டக்களப்புக்கு நானே போட்டுப் பார்த்தேன்.

சாப்பாட்டில் குறையில்லை. எழுவான்கரையில் கடல்மீன், படுவான்கரையில் நெல்லும் எருமைத் தயிரும், நடுவே சுமார் 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி. இறாலும் நண்டும் அதற்குள்ளேயே கிடக்கின்றன. நிலவறை தோண்டினால் தண்ணீர்தான் வரும்.

அனுபவத்துக்குப் புள்ளி போடத் தாள் போதாது. 1978 நவம்பர் 23 சூறாவளி, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, இடையில் யுத்தம், மாரி வந்தால் வெள்ளம். அனர்த்த ஆயத்தப் பயிற்சிப் பட்டறை வைத்தால் வளவாளருக்கு நாங்கள்தான் வகுப்பெடுக்க வேண்டும். (சாப்பாட்டுப் பொதி தந்தால் வருவோம்.)

மின்சாரம் இல்லாமல் இருக்கத் தெரியுமா என்று படுவான்கரைப் பெத்தா ஒருவரிடம் கேட்டேன். “கறண்டு வந்தது நேற்றுத்தானே மகன், குப்பி விளக்கை இன்னும் எறியல்ல” என்றார்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்து, அரசாங்கமே எங்களை ஒரே இரவில் தற்சார்பாக்கியது. நவம்பரில் தடை போனது. போன விளைச்சல் வரவில்லை. 2022இல் எரிவாயுவும் போக, விறகடுப்பு வந்தது.

ஒக்டோபரில் மாரி தொடங்கும். எங்கள் ஒழுங்கை வடிகான் இன்னும் அள்ளப்படவில்லை.