பந்தறிந்த பெருமக்களுக்கு ஒரு வாழ்த்து

தடைக்காலம் வந்தால் எங்கள் தீவில் கால்பந்துப் பேச்சு சூடு பிடித்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பகலெல்லாம் வலையில் கிழிசல் கட்டிவிட்டு, வெயில் தாழ்ந்ததும் ஆட்கள் டீக்கடை பெஞ்சுக்கு வந்துவிடுவார்கள். எந்தக் கோச்சை எடுக்கலாம், யாரைத் தூக்கலாம், முன்னால் ஒற்றை ஆளை நிறுத்தலாமா, இரண்டு பேரை நிறுத்தலாமா என்று ஆரம்பித்தால் கடைக்காரர் பாய்லரை அணைக்கும் வரை ஓயாது. பாம்பனில் இருந்து ராமேஸ்வரம் வரை எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் இதே கதைதான்.

எங்கள் ஊர்ப் பெஞ்சில் நானும் பதினைந்து வருடமாக உட்கார்கிறேன். கிணறு வெட்டியவரையும் மடம் கட்டியவரையும் ஊர் பாராட்டியிருக்கிறது. இந்தப் பெஞ்சைப் பாராட்டி யாரும் ஒரு வரி எழுதியதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன். இதில் வரும் பாராட்டு ஒவ்வொன்றும் உண்மை. ஒன்றைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

முதலில் உங்கள் ஞாபகசக்தியைச் சொல்ல வேண்டும். சென்னையின் எஃப்சி 2014இல் தொடங்கியதில் இருந்து வந்து போன கோச்சுகளை மெட்டராசி, கிரிகரி, கோயல், லாஸ்லோ, பான்டோவிச், பிரடாரிச், திரும்பவும் கோயல் என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கிறீர்கள். 2015இல் கோவாவை கோவாவிலேயே, 2017-18 சீசனில் பெங்களூருவை பெங்களூரிலேயே இறுதி ஆட்டத்தில் ஜெயித்தோம், இரண்டும் 3-2. அந்த ஐந்து ஐந்து கோலும் எந்தக் காலில் இருந்து கிளம்பியது என்பது வரை உங்களுக்குத் தெரியும். லாஸ்லோ இருந்த 2020-21 சீசனில் 20 ஆட்டத்தில் 11 டிரா, மொத்தமே 17 கோல் என்பதை யாரும் எடுத்துக் கொடுக்காமலே சொல்கிறீர்கள்.

டீக்கடைக்குப் பின்னால் ஐம்பது அடி தள்ளி ஒரு மணல் திடல் இருக்கிறது. அங்கே பதினொரு வருடமாக ஒருவர் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக் கொடுக்கிறார். போன வருடம் வெளியூர்க்காரர் ஒருவர் டீ குடிக்க வந்தவர், “அங்க விசில் ஊதுறாரே, அவர் யாருங்க?” என்று கேட்டார். “அவரா? நம்ம மேலத்தெரு அண்ணன்தான். பேரு வாயில இருக்கு, வரமாட்டேங்குது” என்று பெஞ்சில் இருந்து பதில் போனது. பான்டோவிச் என்ற பெயரை ஒரு எழுத்து பிசகாமல் சொல்லும் வாய் அது. அந்த அண்ணனின் பெயரை நானும் இங்கே எழுதவில்லை. அவரே வேண்டாம் என்றுவிட்டார்.

அடுத்தது, ஆட்டத்தைப் பிரித்துப் பார்க்கும் உங்கள் கண். 2025 ஜூன் 10, தடைக்காலம் முடிய நான்கு நாள் இருந்தது. ஹாங்காங்கில் நம் இந்திய அணிக்கு ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டம். ஒரு செல்போனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்துப் பதினெட்டுப் பேர் பார்த்தோம். வந்த வாய்ப்பை எல்லாம் முன்னால் நின்றவர்கள் வீணடித்தார்கள். கூடுதல் நேரத்தில் பெனால்டி கொடுத்து 1-0 என்று தோற்றோம். செல்போனை அணைப்பதற்கு முன்பே நீங்கள் காரணத்தை எடுத்து வைத்தீர்கள். மனோலோ மார்க்கெஸ் ஒரே சீசனில் எஃப்சி கோவாவுக்கும் கோச், இந்தியாவுக்கும் கோச். இரண்டு படகுக்கு ஒரே டிரைவரைப் போட்டால் இரண்டிலும் மீன்பாடு கிடைக்குமா என்று கேட்டீர்கள். சுனில் சேத்ரி 2024 ஜூனில் விடைபெற்றவர், 40 வயதில் திரும்பவும் அழைக்கப்பட்டிருக்கிறார் என்றால் அவருக்குப் பின்னால் ஆள் இல்லை என்றுதானே அர்த்தம் என்றீர்கள்.

ஆள் ஏன் இல்லை என்பதையும் நீங்களே சொன்னீர்கள். இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) தொடங்கியதில் இருந்து 2024-25 வரை அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி ஒரு தடவைகூட இந்தியருக்குப் போகவில்லை. நம் சென்னை அணியில் மட்டும் மூன்று பேர் அதை வாங்கினார்கள். 2014இல் பிரேசிலின் எலானோ, 2015இல் கொலம்பியாவின் மென்டோசா, 2019-20இல் லித்துவேனியாவின் வால்ஸ்கிஸ். தொடக்கத்தில் ஒரு அணியில் ஆறு வெளிநாட்டவர் வரை ஒரே நேரத்தில் ஆடலாம் என்று இருந்தது. 2021-22இல்தான் அது நான்கு ஆனது. கோல் போடும் இடத்துக்குத்தான் கிளப்புகள் காசைக் கொட்டும். அங்கே வெளிநாட்டவர் நின்றால் நம் பையன் ஓரத்துக்குப் போவான், இல்லாவிட்டால் வெளியே உட்காருவான். இதைக் கால்பந்துச் சம்மேளனத்தில் இருப்பவர்களே இவ்வளவு தெளிவாகச் சொல்லிக் கேட்டதில்லை.

இதில் ஒரே ஒரு கேள்வியைப் பெரிய மனதோடு மற்றவர்களுக்கு விட்டுவிட்டீர்கள். அந்தப் பையன் பத்து வயதில் எங்கே இருந்தான், யார் அவனுக்குப் பந்தை நிறுத்தவும் திருப்பவும் அடிக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள் என்ற கேள்வி. வலைக்கு முன்னால் நிற்கும்போது கால் தடுமாறாமல் இருப்பதைத் தேசிய அணிக்கு வந்த பிறகு பத்து நாள் முகாமில் எந்தக் கோச்சும் கற்றுத்தர முடியாது. டிரைவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வலையின் மடி கிழிந்திருந்தால் மீன் தங்காது. இது உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய விஷயமா?

உங்கள் தொலைநோக்கையும் வாழ்த்த வேண்டும். வால்ஸ்கிஸ் முன்பு எந்தெந்த நாட்டில் ஆடினார் என்று சொல்வீர்கள். இனி நம் பக்கத்துக்கு வருவோம். சிவசக்தி நாராயணன் காரைக்குடிக்குப் பக்கத்தில் கண்டனூர்க்காரர். ராமநாதபுரத்தில் பஸ் ஏறினால் அரை நாளுக்குள் போய்விடலாம். ராமன் விஜயனின் கால்பந்துப் பள்ளியில் வளர்ந்து பெங்களூரு அணிக்குப் போனார். 2022-23 ஐஎஸ்எல்லில் வளரும் வீரர் விருது வாங்கினார். அவரை அந்த அணியின் நீலச் சட்டையில் பார்த்த அன்று, “இவன் நம்ம பக்கத்துப் பையனாமே!” என்று பெஞ்ச் முழுக்க எழுந்து நின்றது. அந்த சந்தோஷம் பொய்யில்லை; என் கண்ணும் கலங்கியது. கண்டனூர் மண்ணில் அவர் வெறும் காலோடு ஓடிய வருடங்களில் நாம் எதைப் பேசிக்கொண்டிருந்தோம் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

2025 ஜூலையில் நீங்கள் தூங்கவே இல்லை. மனோலோ விலகினார். காலியான இடத்துக்கு 170 விண்ணப்பம் வந்ததாகச் செய்தி. ஸாவி பெயர் அடிபட்டது, குவார்டியோலா பெயரும் அடிபட்டது. அந்த மின்னஞ்சல்கள் உண்மையானவை அல்ல என்று பிறகு சம்மேளனமே சொன்னது. அந்த இரண்டு மூன்று நாளில் நீங்கள் ஸாவியின் ஆட்ட முறையை நம் அணிக்குப் பொருத்திப் பார்த்து, யார் எங்கே நிற்க வேண்டும் என்று டீ கிளாசுகளை வைத்தே முடிவு செய்துவிட்டீர்கள். கடைசியில் ஆகஸ்ட் 1 அன்று காலித் ஜமீலை நியமித்தார்கள். இந்தியர் ஒருவருக்கு அந்தப் பொறுப்பு கிடைக்க 13 வருடம் ஆனது என்று ஆதங்கப்பட்டீர்கள். நியாயமான ஆதங்கம்.

அதே ஜூலை 5ஆம் தேதி, தாய்லாந்தில் தாய்லாந்தையே 2-1 என்று ஜெயித்து நம் பெண்கள் அணி ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. தகுதிச் சுற்றில் ஆடி அந்த இடத்தைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. இரண்டு கோலையும் அடித்தவர் சங்கீதா பாஸ்போர். அப்போது அவர்களுடைய கோச்சாக இருந்த கிறிஸ்பின் சேத்ரி இந்தியர்தான். இந்தியக் கோச்சால் முடியுமா என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைத்திருந்தது. பெஞ்சில் அன்றைக்கும் ஆண்கள் அணிக்கு யாரைப் போடலாம் என்ற பேச்சுதான் ஓடியது. எடுத்த வேலையை நடுவில் விடாத உங்கள் உறுதிக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

பழசையும் நீங்கள் மறந்தவர்கள் இல்லை. பேச்சு எங்கே போனாலும் இந்திய அணியின் பழைய கோச் சையது அப்துல் ரஹீமில் வந்து நிற்கும். 1951, 1962 ஆசிய விளையாட்டுத் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1962இல் ஜகார்த்தாவில் தலையில் அடிபட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை முன்னால் அனுப்பி, இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவுக்கு எதிராக கோல் அடிக்க வைத்த கதையைக் கேட்கும்போது இன்றைக்கும் எனக்குப் புல்லரிக்கும். அப்படி ஒரு கோச் இன்றைக்கு இல்லையே என்று பெருமூச்சு விடுவீர்கள்.

ரஹீம் ஹைதராபாத்தில் பள்ளிக்கூட வாத்தியார். பழகாத காலால் மட்டும் ஆட வேண்டும் என்று போட்டி நடத்தியவர். பந்தை உருட்டிக்கொண்டு ஓடக் கூடாது, வந்ததும் தட்டிவிட வேண்டும் என்றும் போட்டி வைத்தவர். செகந்திராபாத்தில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பையன் துளசிதாஸ் பலராமைக் கண்டு, பயிற்சிக்கு வர வாடகை சைக்கிளுக்குக் காசும் கொடுத்தவர். பலராம் இரண்டு ஒலிம்பிக் ஆடினார், 1962 தங்க அணியிலும் இருந்தார். ஜகார்த்தாவில் மேலே ஏறிய பதக்கத்துக்கு அடியில் அந்த சைக்கிள் வாடகை இருக்கிறது. ரஹீமின் பெயரை இத்தனை தடவை சொன்ன பெஞ்சில் அந்த வாடகையைப் பற்றி ஒரு தடவையும் பேச்சு வந்ததில்லை.

மேலத்தெரு அண்ணனும் வியாழக்கிழமைகளில் பிள்ளைகளைப் பழகாத காலால்தான் ஆட வைக்கிறார். மணலில் காலால் கோடு இழுத்து, “இன்னைக்கு வலது காலுக்கு லீவு” என்பார். பத்துப் பையன்கள், மூன்று பெண் பிள்ளைகள். சவுக்குக் கம்பு நட்டு, கழித்துப் போட்ட இழுவை மடியைக் கட்டியதுதான் கோல். அதை முடிந்தவரும் அவரே. கண்ணி சீராக இருக்கும். ரஹீமைப் பற்றி அவரிடம் நான் கேட்டதில்லை. கோச்சாக வேண்டுமானால் டி லைசன்ஸில் இருந்து சி, பி, ஏ, ப்ரோ என்று படி ஏற வேண்டும் என்பது பெஞ்சில் எல்லோருக்கும் தெரியும். காலித் ஜமீல் ப்ரோ முடித்தவர் என்பதும் தெரியும். அண்ணன் முதல் படிக்குப் போக ஆசைப்பட்டு, பணம் புரளாமல் நின்றது எத்தனை பேருக்குத் தெரியும்?

உங்கள் விழிப்பைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். 2025 மே 31 நள்ளிரவுக்கு மேல் மியூனிக்கில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். பாரிஸ் அணி இன்டரை 5-0 என்று நொறுக்கியது. விடிய விடிய விழித்திருந்து, லூயிஸ் என்ரிக்கே எப்படி முன்வரிசையில் இருந்தே பந்தைப் பறிக்க வைத்தார் என்று பேசினோம். அதைவிட நல்ல அலசலை நான் எந்தத் தொலைக்காட்சியிலும் கேட்டதில்லை. விடிந்தால் காலை ஏழு மணிக்கு ராமநாதபுரத்தில் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி. வேனில் கூட வரப் பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும் என்று அண்ணன் முந்தின நாளே பெஞ்சில் வந்து கேட்டிருந்தார். “வந்துருவோம்ணே” என்று நான்கு குரல் எழுந்தது. அதில் ஒன்று என்னுடையது. ஐந்தரைக்கு வேன் கிளம்பியபோது நான்கு பேரும் தூங்கிக்கொண்டிருந்தோம். பதிமூன்று பிள்ளைகளோடு அவர் ஒற்றை ஆளாகப் போய் வந்தார். திரும்பி வந்து எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

அதே வருடம் அக்டோபர் 14 அன்று மட்காவில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்றோம். 2027 ஆசியக் கோப்பை கனவு போனது. மறுநாள் சாயங்காலம் காலித்தை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று பெஞ்ச் கொதித்துக்கொண்டிருந்தது. திடலில் இருந்து ஒரு பந்து துள்ளி வந்தது. பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளை ஒருவர், ஒரு காலத்தில் எங்கள் ஊர் அணியில் இடது ஓரம் ஆடியவர், முகத்தைக்கூடத் திருப்பவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு இடது காலை நீட்டினார். பந்து அந்தக் காலில் பூனைக்குட்டி மாதிரி அடங்கியது. உள்காலால் ஒரு தட்டு. ஐம்பது அடி மணலைத் தாண்டி, ஓடி வந்த பிள்ளையின் காலடியில் போய் நின்றது. அந்தப் பிள்ளை பந்தை மறந்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் பேச்சைத் தொடர்ந்தார்.

மாப்ள, அந்தத் தட்டை நான் மனசாரப் பாராட்டுகிறேன். அந்த இடது கால் இருபது வருடமாக எதையும் மறக்கவில்லை. விசில் தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு ஊதப்படுகிறது. திடலுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் ஐம்பது அடிதான்.